கீழிருந்து பதினாலாவது வரி

ஜூன் 4

வாலு அப்பாவுக்கு,

வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வாலு பிறந்ததிலிருந்து ஒன்பது வருஷமாக உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன். இனிமேல் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்குத் தெம்பில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசுகிற லட்சணம் உங்களுக்கே தெரியும். நான் "ஹலோ" என்பேன், நீங்கள் "ம்" என்பீர்கள், அப்புறம் அந்த டாக்டர் பேச்சை யார் முதலில் எடுப்பது என்று இரண்டு பேரும் காத்திருப்போம். யாராவது எடுத்தும் விடுவோம். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வீட்டுக்காரர் நேற்று மாடி ஏறி வந்தார். கட்டிடம் முழுக்கப் பெயின்ட் அடிக்கப் போகிறாராம், உள்ளேயும் வெளியேயும். கையில் கலர் அட்டை வேறு. "எல்லாப் போர்ஷனுக்கும் ஒரே கலர்தாம்மா, உங்களுக்குன்னு தனியா கேக்கக் கூடாது" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், வாலு அறையில் நின்று, "பீரோவை இங்கிருந்து எடுத்துருங்க, பின்னாடி அடிக்கணும்" என்றார்.

அந்தப் பீரோவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவள் தினம் ஒரு வரியாக எழுதிக்கொண்டு வந்த எண்கள். காரியங்கள் எல்லாம் முடிந்த மறுநாள், நானும் அண்ணனும்தான் பீரோவை அந்த ஓரமாகத் தள்ளி அதை மூடினோம். நீங்கள் அப்போது வாசலில் உட்கார்ந்து உங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். 

அடிக்கச் சொல்லவா, வேண்டாம் என்று சொல்லவா? அந்த ஒரு துண்டுச் சுவரை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சலாம். மனுஷர் முணுமுணுப்பார், ஆனால் விட்டுவிடுவார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு இப்போது எல்லாமே இரண்டும் ஒன்றுதான். பதில் போடுங்கள்.

— நான்


ஜூன் 11

உனக்கு,

கடிதம் கிடைத்தது.

இங்கே ஒன்றும் விசேஷம் இல்லை. குவார்ட்டர்ஸில் இரண்டு கட்டில். ஒன்றில் நான், இன்னொன்றில் என் சட்டைகள். வேலை அங்கே பார்த்த அதே வேலைதான். மின்சார மீட்டர்களைப் பத்துப் பத்தாகப் பலகையில் மாட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு கூட ஓடுகிறது, எவ்வளவு குறைய ஓடுகிறது என்று பார்த்துச் சீட்டு ஒட்டுவது. காலையில் போனால் சாயங்காலம் வரை யாரிடமும் பேச வேண்டியதில்லை. இந்த ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கியதே அதற்காகத்தான்.

சுவரை அடிக்கச் சொல். அதை வைத்து என்ன செய்யப் போகிறோம்.

ஒன்று மட்டும் எழுதி அனுப்பு. கடைசி வரி எவ்வளவு? எனக்கு அது எங்கே வந்து நின்றது என்று தெரியவில்லை. ஆரம்பித்தது தெரியும். ஒரு நாள் சாப்பிடும்போது, "அப்பா, ஒண்ணை ரெண்டாக்கி, ரெண்டை நாலாக்கி, இப்படியே இரட்டிச்சுக்கிட்டே போனா எப்ப முடியும்?" என்று கேட்டாள். முடியாது என்றேன். "சும்மா சொல்லாதே, சுவத்துல இடம் முடிஞ்சா முடிஞ்சிடும்ல?" என்றாள். எழுதித்தான் பாரேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு வரிதான், மறுநாள் வரியை இன்றைக்கே எழுதக்கூடாது என்று அவளே சட்டம் போட்டுக்கொண்டாள். ஸ்டூலைப் போட்டு ஏறி உச்சியில் 1 என்று எழுதினாள்.

கடைசி வரி போதும். மற்றது வேண்டாம்.


ஜூன் 17

வாலு அப்பாவுக்கு,

நான் கேட்டது அடிக்கவா வேண்டாமா என்று. அதற்கு நீங்கள் மூன்றே சொல்லில் பதில் சொல்லிவிட்டு ஒரு பக்கத்துக்குக் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும்.

பீரோவை நான் தனியாக நகர்த்த முடியாது. அண்ணனுக்கு இடுப்புப் பிடிப்பு, அண்ணி போனில் சொன்னாள். நல்லவேளையாகப் பீரோவுக்குக் கால் இருக்கிறது. கடைசி வரி கால்களுக்கு நடுவில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தெரிகிறது. அந்தக் கடைசி நாட்களில் அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் எழுதினாள். போட்டோ எடுத்துப் பார்த்தேன், பென்சில் எழுத்து, வெளிச்சம் பட்டால் பளபளத்து ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துக் காகிதத்தில் எழுதினேன். இந்த வயசில் எனக்கு இது தேவையா என்றிருந்தது.

2199023173632.

வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன். இரண்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு கோடியே முப்பத்தொரு லட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு. அவள் இதை எப்படிப் படித்திருப்பாள் என்று தெரியவில்லை. அவளுக்குக் கோடி வரைக்கும்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

படுத்தவள் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. அழவில்லை, அப்படியெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். தரை குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். கடைக்கு நேரமாகிவிட்டது என்று தோன்றியதும் எழுந்து போய்விட்டேன். மருந்துக்கடையில் ஒரு நாள் லேட் ஆனால் முதலாளி எதுவும் சொல்வதில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவர் திட்டினால் தேவலை.

எண் வந்துவிட்டதல்லவா. வீட்டுக்காரரிடம் சரி என்று சொல்லிவிடுகிறேன்.


ஜூன் 24

உனக்கு,

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லாதே.

நீ அனுப்பிய எண்ணில் ஏதோ தப்பு இருக்கிறது. கவரைப் பிரித்து, நின்றபடியே இலக்கங்களைக் கூட்டினேன். மீட்டர் வேலையில் இது ஒரு பழக்கம், எந்த எண்ணைப் பார்த்தாலும் கை தானாகக் கூட்டிவிடும். 2, 1, 9, 9, 0, 2, 3, 1, 7, 3, 6, 3, 2. மொத்தம் 48. இலக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் அந்த எண்ணும் மூன்றால் வகுபடும். 48 வகுபடும். ஆகவே இதுவும் வகுபடும்.

அப்படி வரவே முடியாது. ஒன்றில் ஆரம்பித்து இரண்டால் மட்டுமே பெருக்கிக்கொண்டு போயிருக்கிறாள். எத்தனை தடவை இரண்டால் பெருக்கினாலும் உள்ளே இரண்டுகள்தான் இருக்கும். மூன்று எங்கிருந்து வந்து உட்காரும்? லட்சம் வரி எழுதினாலும் அப்படி ஒரு எண் மூன்றால் வகுபடாது.

முதல் ஆறேழு இலக்கங்கள் சரிதான். ஒன்றிலிருந்து இரட்டித்துப் பார்த்தேன், நாற்பத்திரண்டாவது வரிதான் அப்படித் தொடங்கும். கடைசி இலக்கம் இரண்டு என்பதும் சரி. இரட்டிக்க இரட்டிக்க ஒற்றை இடத்தில் 2, 4, 8, 6 என்றுதான் மாறி மாறி வரும். நாற்பத்திரண்டாவது வரிக்கு இரண்டு வர வேண்டும், வந்திருக்கிறது. நடுவில்தான் கோளாறு.

நீ டார்ச் வெளிச்சத்தில் ஏதோ ஒரு இலக்கத்தை மாற்றிப் பார்த்திருப்பாய். மூன்றும் எட்டும், ஒன்றும் ஏழும் குழப்பும். இன்னொரு தடவை பார்த்து எழுது.


ஜூலை 1

வாலு அப்பாவுக்கு,

பார்த்தேன். இந்தத் தடவை பூதக்கண்ணாடியும் கொண்டுபோனேன், கடையில் மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி பார்க்க வைத்திருக்கிறோமே, அது. இலக்கம் எதுவும் மாறவில்லை. ஏழுக்கு நடுவில் கோடு போடுவாள், ஒன்றுக்குப் போட மாட்டாள், குழப்பமே கிடையாது. நான் ஒரு நாளைக்கு நூறு சீட்டில் டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்கிறவள். என் மகள் எழுத்து எனக்குத் தெரியாதா?

தப்பென்றால் அவள்தான் போட்டிருப்பாள். அதற்கென்ன இப்போது? ஒன்பது வயசுப் பிள்ளை, பதின்மூன்று இலக்கம். போட்டால் போட்டுவிட்டுப் போகட்டுமே. நீங்கள் என்ன, சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பப் போகிறீர்களா?

கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன், கேட்டுவிடுகிறேன். இத்தனை கடிதத்தில் ஒரு இடத்திலாவது "சாப்பிட்டாயா" என்று ஒரு வார்த்தை உண்டா? சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம். பசிக்கிறது, சாப்பிடுகிறேன், என்ன சாப்பிட்டேன் என்று பாத்திரம் கழுவும்போது பார்த்தால்தான் தெரிகிறது. பக்கத்துப் போர்ஷன் அக்கா தினமும் கதவைத் தட்டி, "என்ன செய்யறே?" என்கிறாள். "சும்மா இருக்கேன்" என்கிறேன். "சும்மா இருக்காதே" என்கிறாள். இப்படியே போகிறது.

கடையில் தாய்மார்கள் வந்து, "பிள்ளைக்கு லேசா தலைவலி, ஏதாவது குடுங்க" என்று கேட்கும்போது நான் கொடுப்பதில்லை. டாக்டரிடம் போங்கள் என்று விரட்டுகிறேன். முதலாளிக்கு வியாபாரம் போகிறது.

நீங்கள் எதையோ தேடுகிறீர்கள். எனக்குப் புரிகிறது. தேடாதீர்கள், விட்டுவிடுங்கள்.


ஜூலை 9

உனக்கு,

விட முடியவில்லை. எழுதிவிடுகிறேன், அப்புறம் நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

அந்த எண்ணை இரண்டால் வகுத்துக்கொண்டே வந்தேன். அவள் ஏறிய படிகளில் நான் இறங்கிப் பார்த்தேன், அவ்வளவுதான். எல்லாம் சரியாக இருந்திருந்தால் கடைசியில் ஒன்றில் போய் நிற்க வேண்டும். நிற்கவில்லை. பதினாலு தடவை வகுத்ததும் 134217723 என்று ஒற்றைப்படை எண் வந்துவிட்டது. அதற்கு மேல் பாதியாக்க முடியாது.

அது மூன்றால் வகுபடுகிறது. வகுத்தால் 44739241. அதையும் விடாமல் உடைத்துப் பார்த்தேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, எதால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. பதினொன்றால் வகுத்தால் மட்டும் எட்டு. பதின்மூன்றுக்குத் திரும்பவும் ஒன்று. ஒரு சாயங்காலம் முழுக்க அதிலேயே போய்விட்டது. சாயங்காலம் போனதே போதும் என்றிருந்தது.

மறுநாள் காலையில் பல் துலக்கும்போதுதான் உறைத்தது. இருபத்தெட்டாவது வரி 134217728 ஆக இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது 134217723. ஐந்து குறைகிறது. இரட்டித்தால் பத்து குறையும். ஆக, இருபத்தொன்பதாவது வரியில் 268435456 என்று வர வேண்டியது 268435446 என்று வந்திருக்கிறது. எட்டை இரட்டித்தால் பதினாறு, ஆறைப் போட்டுவிட்டு, ஒன்றை அடுத்த இடத்துக்கு ஏற்ற மறந்தாகிவிட்டது. அந்த ஒரே ஒரு தப்புதான். அதற்கு மேலே இருக்கும் வரிகளும் சரி, கீழே இருப்பவையும் இரட்டித்த வரைக்கும் சரி. வேறு எங்கே தப்பு நடந்திருந்தாலும் இந்த எண் வராது.

இருபத்தொன்பதாவது வரி என்றால் கீழிருந்து பதினாலாவது வரி. தினம் ஒரு வரி. கடைசி வரி எழுதிய மறுநாள் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆக, அதற்குப் பதினாலு நாள் முன்னால்.

டாக்டர் கேட்டது உனக்கும் எனக்கும் காதில் இருக்கிறது. "தலைக்குள்ள சீழ் கட்டியிருக்கு. பத்துப் பன்னெண்டு நாளாவது இருந்திருக்கும். வீட்டுல யாருமே கவனிக்கலையா?" பத்துப் பன்னிரண்டு என்று அவர் குத்துமதிப்பாகச் சொன்னார். பதினாலு என்று அவளே சுவரில் எழுதி வைத்திருக்கிறாள். ஏற்ற வேண்டியதை ஏற்ற மறக்கிற பிள்ளையா அவள்? கடைக்காரர் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தால் அங்கேயே நின்று திருத்துவாளே. அன்றைக்கு மறந்திருக்கிறாள் என்றால் அன்றைக்கு அவளுக்கு உடம்பு சரியில்லை. மூளையில் அன்றைக்கே ஏதோ ஆரம்பித்திருக்கிறது.

எனக்கு அந்த வாரம் மாலை ஷிப்ட். நீதான் வீட்டில் இருந்தாய். அவள் எழுதும்போது நீ பக்கத்தில்தான் இருந்திருப்பாய். ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவள் நீ. கடைசியில் அவள் தலை வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னபோதும் ஒரு மாத்திரையைக் கொடுத்துத் தூங்க வைத்தாய். பதினாலு நாள் இருந்தது நமக்கு.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.


ஜூலை 22

வாலு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்தேன். எட்டு மாசமாக நீங்கள் வாயால் சொல்லாததை எழுதிவிட்டீர்கள். நல்லதுதான். சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்ததை விட இது மேல். படித்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. சரி, நான்தான் கொன்றேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்துவிட்டு மின்சாரக் கட்டணம் கட்டப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். இடுப்பு இன்னும் சரியாகவில்லை, இருந்தாலும் வந்தார். "இப்ப எதுக்குடா இது?" என்று கேட்டார், என்னை அவர் 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார். பார்க்கணும் என்றேன். இரண்டு பேருமாகப் பீரோவை நகர்த்தினோம். அவர் டீ குடிக்கிறேன் என்று வெளியே போய்விட்டார். வேண்டுமென்றேதான் போனார்.

மொத்தம் நாற்பத்திரண்டு வரி. நீங்கள் சொன்னது சரி. கீழிருந்து எண்ணிக்கொண்டு போனேன். எண்ணவே தேவையில்லை. நாற்பத்தொரு வரி கறுப்புப் பென்சில். ஒரு வரி மட்டும் சிவப்பு.

கீழிருந்து பதினாலாவது வரி சிவப்புப் பென்சிலில் இருக்கிறது. 268435446. அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து காதில் செருகிக்கொண்டு திரிவீர்களே, அந்தப் பென்சில். நாலை மேலே மூடி முக்கோணமாக எழுதியிருக்கிறது. வாலு நாலை மூட மாட்டாள், நாற்காலி போல விரித்துத்தான் எழுதுவாள். ஏழில்லாத வரி, அதனால் ஏழை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஏழு எதற்கு? அது உங்கள் எழுத்து. நான் உங்களுக்குக் கழுத்தை நீட்டிப் பதினோரு வருஷம் ஆகிறது, உங்கள் எழுத்து எனக்குத் தெரியும்.

தப்பு எப்படி வந்தது என்றும் தெரிகிறது. அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி வலது பக்கத்திலிருந்து ஆரம்பிப்பாள். நீங்கள் மீட்டரைப் படிக்கிற மாதிரி இடது பக்கத்திலிருந்தே மளமளவென்று இரட்டித்துக்கொண்டு போவீர்கள். "பேப்பர் வேண்டாம், அப்பா மனசுலயே போடுவேன் பாரு" என்று அவளிடம் பீற்றிக்கொள்வீர்களே. நடுவில் ஏற்ற வேண்டியதையெல்லாம் முன்கூட்டிப் பார்த்து ஏற்றியிருக்கிறீர்கள். கடைசிக்கு முந்தின நாலை எழுதிய பிறகுதான் எட்டு வந்திருக்கிறது. ஷிப்ட் பஸ்காரன் ஹாரன் அடித்திருப்பான். ஆறைப் போட்டுவிட்டு ஓடியிருப்பீர்கள்.

தப்பு வந்த நாள்தான் நோய் வந்த நாள் என்று எழுதினீர்கள். அப்படிப் பார்த்தால் நோய் உங்களுக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

அதோடு நான் நிறுத்தவில்லை. உங்கள் வரிக்குக் கீழே இருக்கும் பதின்மூன்று வரியையும் உட்கார்ந்து காகிதத்தில் இரட்டித்துப் பார்த்தேன். பதின்மூன்றும் சரி. டாக்டர் சொன்ன பத்து நாளும் அதற்குள் இருக்கிறது, பன்னிரண்டு நாளும் இருக்கிறது. அவள் தலை வலிக்கிறது என்று சொன்னது கடைசிக்கு இரண்டு நாள் முன்னால். அன்றைக்கு 274877896704-ஐ இரட்டித்திருக்கிறாள். எட்டு இடத்தில் ஒன்று ஏற்ற வேண்டியிருந்தது. எட்டு இடத்திலும் ஏற்றியிருக்கிறாள். எழுத்து கோணவில்லை. வரி சாயவில்லை. அழித்து எழுதிய இடம் ஒன்றுகூட இல்லை. தலைக்குள்ளே சீழை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை அப்படிக் கணக்குப் போட்டிருக்கிறது.

நான் பக்கத்தில் இருந்தேன். ஆமாம், இருந்தேன். என்னத்தைப் பார்த்திருப்பேன்? இதைத்தான் பார்த்திருப்பேன். நீங்கள் இருந்திருந்தாலும் இதைத்தான் பார்த்திருப்பீர்கள். நம் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வழியே இல்லை. எட்டு மாசத்தில் முதல் தடவையாக எனக்கு இது உறுதியாகத் தெரிகிறது. இதைத் தெரிய வைத்ததும் நீங்கள்தான், குற்றம் சொல்ல வந்து.

அண்ணன் திரும்பி வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். இந்தத் தடவை தரை குளிர்ச்சியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.


ஜூலை 30

உனக்கு,

நாலைந்து தடவை படித்தேன்.

எனக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை. நான் பொய் சொல்லவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்தது, சுவரில் எழுதியது, எதுவும் ஞாபகம் இல்லை. இரண்டு நாளாகப் பலகை முன்னால் உட்கார்ந்து அதையே யோசிக்கிறேன். மீட்டர்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, நான் குறிப்பதில்லை. அவள் ஏன் அன்றைக்கு என்னை எழுதச் சொன்னாள்? எனக்குப் பக்கத்தில் நின்றாளா? மறுநாள் அதைச் சரிபார்த்தாளா? அவள் எல்லாவற்றையும் சரிபார்ப்பாளே. ஒரு கூட்டல் தப்பினாலும் விட மாட்டாளே. பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள்.

உன் மேல் எழுதியது எல்லாம் எழுதியதுதான். அதை அழிக்க எனக்கு வழி தெரியவில்லை.

உனக்கு ஏதாவது ஞாபகம் இருந்தால் எழுது. சாப்பிட்டாயா?


ஆகஸ்ட் 6

என்னங்க,

நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லியிருந்தார்கள். ஹாலில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, இரண்டு கையிலும் முழங்கை வரை நீலப் பெயின்ட். நீங்கள் ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தீர்கள். "அப்பா, இன்னைக்கு வரி நீ எழுதிடேன், என் கையைப் பாரு, சுவரெல்லாம் ஆயிடும், அம்மா கொன்னுடுவா" என்று கத்தினாள். நீங்கள் ஒரு காலில் ஷூவோடு நொண்டிக்கொண்டு அந்த அறைக்குப் போனீர்கள். அவள் நிலைப்படியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், உடம்பு நன்றாகத்தான் இருந்தது. "என்னா வேகம்!" என்றாள். கீழே பஸ் ஹாரன் அடித்தது, நீங்கள் போய்விட்டீர்கள்.

மறுநாள் சாயங்காலம் அவள் அடுத்த வரியை எழுத உட்கார்ந்தாள். எப்போதும் முந்தின நாள் வரியை ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் புது வரி எழுதுவாள், விரலை ஒவ்வொரு இலக்கமாக வைத்து முணுமுணுத்துக்கொண்டே போவாள். அன்றைக்கு அப்படிச் செய்யாமல் நேரே எழுத ஆரம்பித்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தவள், "ஏண்டி, நேத்து வரியைப் பாக்கலையா?" என்று கேட்டேன்.

"அது அப்பா போட்டதும்மா" என்றாள். "அதை எதுக்குப் பாக்கணும்?"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டே சொன்னாள். அதற்கப்புறம் பதின்மூன்று நாள் அவள் இரட்டித்தது உங்கள் எண்ணைத்தான்.

பெயின்டர் திங்கட்கிழமை வருகிறார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் லீவு போட்டுவிட்டுச் சனிக்கிழமையே வந்துவிடுங்கள்.